காரின் மீற்றர் திரை: எது அளந்தது, எது கணக்கிட்டது, எது கார் எடுத்த முடிவு

யாழ்ப்பாணத்தில் ஓடும் விற்ஸ், அக்குவா, வாகன் ஆர், ஃபிற் போன்ற சிறிய கார்களில் ஏராளமானவை யப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்தவை. கையேடு யப்பானிய மொழியில் இருக்கும். பல கார்களில் அதுவும் இராது. ஸ்ரியறிங்குக்குப் பின்னாலோ, அக்குவாவைப் போல டாஷ்போட்டின் நடுவிலோ ஒளிரும் திரையை, முந்திய சொந்தக்காரர் சொன்னதை வைத்தே பலரும் வாசித்துப் பழகுகிறார்கள். அதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: திரையில் தெரியும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நம்புவது. உண்மையில் அங்கே மூன்று வகைத் தகவல் இருக்கிறது. சில, சென்சர் அளந்தவை. சில, அளந்ததை வைத்துக் கணக்குப் பார்த்தவை. மீதி, இதைச் சாரதிக்குச் சொல்வதா விடுவதா என்று கார் தானே எடுத்த முடிவுகள். எது எந்த வகை என்று பிடிபட்டால், எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் பிடிபட்டுவிடும்.

வேக எண் வரும் வழி

பழைய கார்களில் கியர்பொக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீற்றர்வரை வரும். அது சுற்ற, முள் ஏறும். கேபிள் அறுந்தால் முள் விழும். இப்போது அந்தக் கேபிள் இல்லை. ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய சென்சர் இருக்கிறது. சில்லோடு சேர்ந்து சுற்றும் பல்வளையமோ காந்த வளையமோ அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்புப் பிறக்கும். ஏபிஎஸ் பிரேக்கின் (அமத்திப் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் முறை) கம்பியூட்டர் அந்தத் துடிப்புகளை எண்ணி, வேகமாக மாற்றி, காருக்குள் ஓடும் முறுக்கிய இரண்டு வயர்களில் செய்தியாக அனுப்பும். அந்த வயர்ச் சோடியின் பெயர் கான் பஸ். பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை. எஞ்சின், பிரேக், எயார்பாக், ஸ்ரியறிங் என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கும் கம்பியூட்டர்கள் பெரும்பாலும் இந்த வயர்களில்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. மீற்றரும் அப்படி ஒரு கம்பியூட்டர். அது அந்தப் பேச்சைக் கேட்டு, தனக்கு வேண்டியதை எடுத்து, திரையில் வரைகிறது. தானாக அளப்பது மிகக் குறைவு. பெற்றோல் தாங்கியின் மிதவை வயர் மட்டும் பல கார்களில் நேரே மீற்றருக்கு வரும்.

இதனால் ஒரு சில்லின் சென்சர் கெட்டாலும் மீற்றர் பழுதான மாதிரித் தெரியும். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று அடிக்கடி போய்வரும் கார்களில், கடல் ஈரமும் உப்பும் சில்லுப் பக்கத்து வயர் இணைப்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். உடனே மஞ்சள் ஏபிஎஸ் லைற் எரியும்; சில கார்களில் வேகமும் சேர்ந்து மறையும். மீற்றரைக் கழற்றுவதற்கு முதல், புதுச் சென்சர் வாங்குவதற்கும் முதல், அந்த இணைப்பைப் பிரித்துத் துப்புரவாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேக எண் அளந்ததுதான் என்றாலும் அது வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும். வேகமானி பற்றிய ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன விதி சொல்வது இது: மீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தின் 10 சதவீதத்தோடு 4 கிலோமீற்றர் சேர்த்த அளவுக்கு மேலே போகக்கூடாது. அதாவது கார் உண்மையில் 60இல் ஓடும்போது மீற்றர் 60 முதல் 70 வரை எதைக் காட்டினாலும் விதிக்குள்தான். கைபேசியின் ஜிபிஎஸ் 61 என்று காட்ட, மீற்றர் 65 என்று காட்டினால் அது பழுதில்லை.

ரயர் அளவு மாறினால் இந்தக் கணக்குக் குழம்பும். மீற்றருக்குத் தெரிவது சில்லு எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும். 165/70 ஆர் 14 ரயருக்கு (அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், றிம் 14 அங்குலம்) வெளிவிட்டம் ஏறத்தாழ 587 மில்லிமீற்றர். அதைக் கழற்றி 185/70 ஆர் 14 போட்டால் விட்டம் 615க்கு ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் கார் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதலாக நகரும். மீற்றருக்கு அது தெரியாது. முன்னர் சரியாக 60 காட்டிய இடத்தில் இப்போது கார் 63இல் ஓடும். ஊருக்குள் 50, வெளியே 70 என்ற எல்லையில் பொலிஸ் நிற்கும் வீதியில் இந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு. ரயர் மாற்றும்போது அகலத்தைக் கூட்டினால் நடு எண்ணைக் குறைக்க வேண்டும்: 165/70 இருந்த இடத்தில் 175/65 போட்டால் விட்டம் 583, வித்தியாசம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு.

பெற்றோல் கட்டங்களும் மீதி கிலோமீற்றரும்

தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்க, அதனோடு இணைந்த மின்தடை மாறும். அதை மீற்றர் அளக்கிறது. வளைவில் பெற்றோல் அலம்பும்போதெல்லாம் கட்டங்கள் துள்ளாமல் இருக்க, மீற்றர் சிறிது நேரத்துச் சராசரியை எடுத்தே காட்டும். தாங்கியை நிரப்பியபின் முதல் கட்டம் இறங்கக் கனநேரம் எடுப்பதற்குக் காரணம், மிதவை மேலே முட்டி நிற்பது. அந்தப் பெற்றோல் முழுதும் கீழே வந்து மிதவையைத் தொட்ட பிறகுதான் அளவே தொடங்கும். சாய்வான முற்றத்தில் நிறுத்திய காரில் திறப்பைப் போட்டதும் ஒரு கட்டம் கூடியோ குறைந்தோ தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

‘இன்னும் 180 கிலோமீற்றர் ஓடும்’ என்ற எண் வேறு வகை. அதை எந்தச் சென்சரும் அளக்கவில்லை. தாங்கியில் இருக்கும் லீற்றரை, கார் அண்மையில் எப்படிக் குடித்தது என்ற சராசரியால் பெருக்கிய கணக்கு அது. ஏ9 வீதியில் பரந்தன், கிளிநொச்சி தாண்டி ஒரே சீராக 65இல் ஓடினால் சராசரி கூடும். ஓட ஓட அந்த எண் குறையாமல் நிற்கும், சில வேளை ஏறவும் செய்யும். திரும்பி வந்து யாழ்ப்பாண நகரத்துக்குள் ஏசியோடு நெரிசலில் ஊர்ந்தால், 5 கிலோமீற்றர் ஓட 15 குறையும். இரண்டும் சரிதான். அது நேற்று ஓடிய ஓட்டத்தை வைத்து இன்றைக்குச் சொல்லும் எதிர்பார்ப்பு, வாக்குறுதி இல்லை. பல கார்களில் ஒன்றிரண்டு லீற்றர் மட்டும் அடித்தால் இந்தக் கணக்குப் புதுப்பிக்கப்படாமலே இருக்கும். எஞ்சினை அணைக்காமல் அடித்தாலும் அப்படித்தான். கட்டம் கடைசிக்கு வந்ததும் அடித்துவிடுவது நல்லது: பெற்றோல் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர வைப்பது அந்தப் பெற்றோல்தான்.

லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று திரை காட்டுவதும் கணக்குத்தான், பெரும்பாலும் கொஞ்சம் தாராளமான கணக்கு. உண்மை தெரிய வேண்டுமென்றால் ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், முனை தானாக நிற்கும்வரை நிரப்பி ட்ரிப் எண்ணைச் சுழியம் ஆக்குங்கள். ஓடியபின் அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். ட்ரிப் 412, அடித்தது 21.6 லீற்றர் என்றால் லீற்றருக்கு 19.1. திரை 21 என்று சொல்லியிருந்தால் உங்கள் காரின் திரை எவ்வளவு தாராளம் என்பது தெரிந்துவிடும். ஐரோப்பியக் கார்கள் இதைத் தலைகீழாக, 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று காட்டும். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் நமக்குப் பழக்கமான கணக்கு வரும்.

சூடு: திரை பிந்திச் சொல்லும் விடயம்

எஞ்சினின் குளிர்நீர் சாதாரணமாக 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும், சிறிது ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டினால் சாரதி பயந்து கராஜுக்கு ஓடுவார் என்று, முள் உள்ள மீற்றர்களிலும் ஒரு பரந்த எல்லைக்குள் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கும்படி மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். விற்ஸ் போன்ற பல சிறிய கார்களில் முள்ளோ எண்ணோ இல்லவே இல்லை. காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஒரு நீல வெப்பமானிக் குறி எரியும், சூடேறியதும் அணையும். மிஞ்சிச் சூடானால் அதே குறி சிவப்பாக எரியும். இரண்டுக்கும் நடுவே திரை ஒன்றும் சொல்லாது. ஆகவே சிவப்பு ‘கவனம்’ என்று சொல்லவில்லை; ‘எல்லை தாண்டிவிட்டது’ என்று சொல்கிறது. ‘இன்னும் ரெண்டு கிலோமீற்றர்தானே, வீட்ட போய்ப் பாப்பம்’ என்ற நினைப்பில்தான் எஞ்சின் ஹெட் வளைகிறது, கஸ்கெற் எரிகிறது.

சிவப்பைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். றேடியேற்றர் மூடியில் அரை மணித்தியாலத்துக்குக் கை வைக்க வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்துக்கு வரும். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால் வெப்பச் சென்சர் வெறும் காற்றில் நிற்கும். அப்போது சிவப்பு லைற் பிந்தியே வரும், வராமலும் விடலாம். திரையைவிட முந்திச் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசி திடீரென்று சூட்டுக் காற்றை ஊதுவது. எஞ்சின் மிஞ்சிச் சூடானால் சுமையைக் குறைக்க ஏசி கொம்பிறசரை நிறுத்திவிடும் கார்கள் பல. வெயிலுக்குள் அப்படி நடந்தால் ஏசி வேலைக்காரரைத் தேடுவதற்கு முன் குளிர்நீரைப் பாருங்கள். நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். அந்தத் தண்ணீர் கேத்திலில் விடும் வெள்ளைப் படிவைத்தான் றேடியேற்றருக்குள்ளும் விடும். கூலன்ற் விடுங்கள், கிடைக்காவிட்டால் காய்ச்சி வடித்த நீர்.

திறப்பைப் போட்டதும் வரும் சில விநாடி

லைற்றுகளின் நிறம் எல்லாக் கார்களிலும் ஒரே ஒழுங்கில்தான் இருக்கிறது. சிவப்பு, நிறுத்து. மஞ்சள், ஓடலாம் ஆனால் கராஜில் காட்டு. பச்சையும் நீலமும், ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்ற அறிவிப்பு. சிவப்பில் மூன்று பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஓயில் குவளைக் குறி ஓயிலின் அளவைச் சொல்லவில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. எரிந்த அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும், அடுத்த சந்திவரை போகக்கூடாது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, ஹான்ட் பிரேக் இழுத்திருப்பதாக இருக்கலாம். இறக்கியும் எரிந்தால் பிரேக் ஓயில் குறைந்திருக்கிறது. பிரேக் பாட் தேயத் தேய ஓயில் மட்டம் இறங்கும். ஆகவே ஓயிலை மட்டும் ஊற்றி லைற்றை அணைப்பது தேய்ந்த பிரேக் பாட்டை மறைப்பது. பற்றரிக் குறி ஓடும்போது எரிந்தால் பற்றரி பழுதென்று அர்த்தமில்லை, அதற்குச் சார்ஜ் வரவில்லை. ஏசியையும் றேடியோவையும் நிறுத்தினால் கராஜ்வரை போகக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

மஞ்சள் எஞ்சின் குறி நிலையாக எரிந்தால் ஓரிரு நாளுக்குள் காட்டலாம். அது விட்டு விட்டுச் சிமிட்டினால் வேறு கதை. ஒரு சிலிண்டரில் பற்றவைப்புத் தவறி, எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே புகையைச் சுத்தமாக்க இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் சிவக்கக் காய்ந்து உருகும். ஒரு கொயிலுக்கோ பிளக்குக்கோ செலவழித்திருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு அதற்கு வேண்டும்.

இனி, பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் தவறவிடக்கூடாத இடம். எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல், பிரேக்கை மிதிக்காமல், திறப்பை ஒன் வரை மட்டும் திருப்புங்கள். பொத்தான் உள்ள கார் என்றால் இரண்டு முறை அழுத்துங்கள். திரை விழிக்கும், அநேகமாக எல்லா லைற்றும் ஒன்றாக எரியும். இது மீற்றர் தன் லைற்றுகளைத் தானே சோதிக்கும் நேரம். ஏபிஎஸ் சில விநாடியில் அணையும். எயார்பாக் ஏறத்தாழ 6 விநாடி எரிந்து அணையும். எஞ்சின், ஓயில், பற்றரி மூன்றும் எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே நிற்கும். இங்கே எரியாத லைற்தான் சந்தேகத்துக்குரியது. எயார்பாக் குறி எரியவே இல்லை என்றால் அதன் பல்பையோ வயரையோ யாரோ துண்டித்திருக்கலாம். அணையாத பழுதை மறைக்க மலிவான வழி அது. இன்னொரு தந்திரம், அதை வேறொரு லைற்றோடு சேர்த்துக் கட்டுவது: அப்போது எயார்பாக்கும் ஓயிலும் ஒரே கணத்தில் ஒன்றாக அணையும். கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பிடிபடும். கிலோமீற்றர் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது மீற்றருக்குள் ஒரு சிறிய நினைவகச் சிப்பில் எழுதப்பட்ட எண்; எழுதியதை மாற்றி எழுதலாம். 45,000 என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்ரியறிங் தோல் மினுங்கினால் எதை நம்புவது என்பது விளங்கும்.

எல்லா லைற்றும் ஓடும்போது ஒன்றாக எரிந்தால்

ஏபிஎஸ், ஸ்ரியறிங், எஞ்சின், ஹைபிரிட் எச்சரிக்கை எல்லாம் ஒரே காலையில் வந்தால், நான்கு பாகங்கள் ஒன்றாகக் கெடவில்லை. அநேகமாக 12 வோல்ற் பற்றரி சோர்ந்துவிட்டது. வோல்ற் இறங்கும்போது ஒவ்வொரு கம்பியூட்டரும் தன் சென்சர் பொய் சொல்கிறது என்று நினைத்து முறைப்பாடு எழுதும். ஒரு மல்ரிமீற்றர் போதும். இரவு முழுதும் நின்ற காரில் 12.6 காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 ஏறத்தாழப் பாதி, 12க்குக் கீழே என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். அக்குவாவில் இந்தப் பற்றரி பின்சீற்றுக்கு அடியில் இருக்கிறது, பொனற்றுக்குள் தேட வேண்டாம்.

அக்குவா போல பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டின் பெரிய பற்றரியைக் காட்டும் கட்டங்கள் கார் எடுத்த முடிவுக்கு நல்ல உதாரணம். ரொயோற்றா ஹைபிரிட்டில் கம்பியூட்டர் அந்தப் பற்றரியை ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்குள்தான் வைத்திருக்கும். கட்டம் குறைவாக நிற்பது பழுதில்லை. நிறைந்திருந்த கட்டங்கள் ஒரு சிறு ஏற்றத்திலேயே மளமளவென்று விழுந்து, சிறிது ஓட மறுபடி நிறைந்தால்தான் செல் தளர்ந்திருக்கிறது. பின்சீற்றின் பக்கத்தில் இருக்கும் காற்று வழியைப் பையாலும் துவாயாலும் மூடுவது அந்தத் தளர்ச்சியை விரைவுபடுத்தும். இன்னொன்று: பச்சை ‘றெடி’ எரிந்தால் சத்தமே இல்லாவிட்டாலும் கார் ஓடத் தயார். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அது அணைந்ததைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

ஒளிரும் திரை ஏமாற்றும் நேரம்

பழைய மீற்றர் இருட்டினால் தெரியாது. தெரியவில்லை என்று லைற்றைப் போடுவோம். டிஜிற்றல் திரை எப்போதும் ஒளிரும். அதனால் மாலை ஆறரை மணிக்கு, திரை பளிச்சென்று தெரிய, முன்லைற்றும் பின்லைற்றும் இல்லாமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனையிறவுப் பக்கம் வீதியில் மாடு நிற்கும் நேரமும் அதுதான். திரையில் பச்சை விளக்குக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், வெளிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மறுபக்கமாக, பகலில் மழை மூட்டத்துக்குப் பார்க் லைற் போட்டால் இரவென்று நினைத்து திரை மங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் உருளையைத் திருப்பினால் கூடும். போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டவருக்குத் திரையில் பாதி கறுத்துத் தெரிந்தால் தலையைச் சரித்துப் பார்க்கவும். திரை மறுபடி தெரிந்தால் பழுதில்லை.

சிக்னலின் ‘டிக் டிக்’ பல கார்களில் மீற்றரே எழுப்பும் செயற்கைச் சத்தம். அது இரட்டை வேகத்தில் அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது.

யப்பானிய எழுத்தில் செய்தி வந்தால் நிறுத்திவிட்டு, கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியின் கமராவைத் திரைக்குக் காட்டினால் கருத்து வந்துவிடும். அதற்கு மேலே அறிய, ஸ்ரியறிங்குக்குக் கீழே 16 ஊசித் துளையுள்ள சொக்கற்றில் மலிவான புளூடூத் ஸ்கானரைச் செருகலாம். குளிர்நீரின் உண்மை வெப்பநிலையைத் திரை மறைத்தாலும் அது எண்ணாகக் காட்டும். பழுது இலக்கத்தை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். பி0420 என்று வந்தால் அது கொன்வேட்டர் பக்கம். யூ என்று தொடங்கினால் கம்பியூட்டர்களுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது, வயரையும் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

திரை முழுதாகக் கறுத்துவிட்டால் எஞ்சின் பெரும்பாலும் தொடர்ந்து ஓடும்; கேட்டு வரைகிறவர் மட்டும்தான் உறங்கியிருக்கிறார். மெதுவாக ஓரம் கட்டி, பியூஸ் பெட்டியில் மீற்றர் என்று குறித்த பியூஸைப் பாருங்கள். அது சரியென்றால் மீற்றரின் பின்பக்க இணைப்பு, அதன் பிறகு உள்ளே சோல்டர் விட்ட இடம். பழைய சாமான் கடையில் இன்னொரு காரின் மீற்றரை எடுத்துப் போட்டால் அந்தக் காரின் கிலோமீற்றரும் கூடவே வரும். மாற்றுவதற்கு முன் உங்கள் பழைய மீற்றரின் கடைசி எண்ணைப் படமெடுத்து, கராஜ் துண்டில் இரண்டு எண்ணையும் திகதியோடு எழுதி வாங்கிக் காரின் கோப்பில் வையுங்கள்.